மழைப்பக்கச் சுவர்

பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருகிறவர்கள் மூடுபனியைப் படமெடுத்துக்கொண்டு மாலைக்குள் இறங்கிவிடுகிறார்கள். அதே மலையின் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து கிள்ளிய ஒரு பெண்மணிக்கு மூடுபனி என்பது வீட்டுச் சுவரில் படரும் கரும்பூஞ்சை. அவரை அத்தை என்றே சொல்லிவிடலாம். இந்தக் கதையில் அவரிடம் அதிகம் பேசுகிறவர் அவருடைய அண்ணன் மகன்தான்.

அத்தை இருப்பது லயத்தில். 'லைன்' என்ற ஆங்கிலச் சொல் கேரள மலைகளில் 'லயம்' ஆயிற்று. இலங்கை மலையகத்தில் 'லயன்' ஆயிற்று. வடமொழி லயத்துக்கு இசைவு என்றும் பொருளுண்டு. இந்த லயத்தில் இசைவு எதையும் காணோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். அத்தையுடையது மேற்குக் கடைசி. மற்றவர்களுக்கு இல்லாத ஒரு சுவர் அவருக்கு உண்டு. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை முழுவதும் அந்தச் சுவரின்மேல்தான் விழும். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர். மேற்பூச்சு உதிர்ந்து பல காலமாகிறது. ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் நீலத் தார்ப்பாய் ஒன்றை வாங்கி இழுத்துக் கட்டுவார்கள். அடுத்த மே மாதத்துக்குள் அது நார்நாராகியிருக்கும்.

மருமகன் கனடாவின் எட்மன்டனில் இருக்கிறார். படிக்கப் போனவர், படிப்பு முடிந்ததும் வீடுகளின் புறச்சுவருக்குப் பலகை அடிக்கும் குழுவொன்றில் சேர்ந்துகொண்டார். அங்கே அந்த வேலைக்குச் சைடிங் என்று பெயர். வீட்டுக்காரர்கள் அவரிடம் ஓயாமல் கேட்கும் கேள்வி, வினைலா, இழைச் சிமெண்டா என்பது.

வினைல் என்பது நம் தண்ணீர்க் குழாயின் அதே பி.வி.சி. எடை குறைவு, விலை குறைவு, வண்ணம் பூச வேண்டியதில்லை. ஆனால் வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்ப நீளும், சுருங்கும். 12 அடிப் பலகை அரை அங்குலம்வரை நகரக்கூடும். ஆகவே ஆணியை இறுக்கி அடிக்கக் கூடாது; துளையின் நடுவில், சற்றுத் தளர்வாக அடித்து, பலகையைத் தொங்கவிட வேண்டும். கடுங்குளிரில் வினைல் நொறுங்கும் தன்மை பெறும். ஏணி இடித்தாலே விரிசல் விடும். இழைச் சிமெண்டு, சிமெண்டும் மணலும் மரக்கூழ் இழையும் கலந்த பலகை. கனமானது, தீப்பிடிக்காது, ஆலங்கட்டி மழையையும் தாங்கும். அதன் பலவீனம் வெட்டிய விளிம்பு. விளிம்பு நீரைக் குடிக்கும். குடித்த நீர் உறைந்து உருகும்போது பலகை அடுக்கடுக்காக உரியும்.

சுவருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று அத்தை தொலைபேசியில் சொன்னபோது மருமகன் இந்தப் பாடம் முழுவதையும் ஒப்பித்தார். அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மக்கா, குளிரெல்லாம் இங்க பெரிசில்ல. ஒரு கம்பளி போதும். சுவரு காயவே மாட்டேங்கு. அதுதான் தொல்லை."

சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் உறைவதில்லை. ஆனால் தென்மேற்குப் பருவம் முடிந்து மூச்சு விடுவதற்குள் துலாமழை வந்துவிடுகிறது. இடையில் மூடுபனி. எட்மன்டன் சுவருக்கு உறைபனி எதிரி. பொன்முடிச் சுவருக்கு ஈரம். எந்தப் பலகை என்பதைவிடப் பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதே இங்கு முக்கியம். பலகைக்கும் சுவருக்கும் இடையே ஓர் அங்குல இடைவெளி வேண்டும்; கீழேயும் மேலேயும் காற்றுக்கு வழி வேண்டும். பலகை மழையின் வேகத்தை ஏற்றுக்கொள்ளும். கசிந்து உள்ளே வந்ததைக் காற்று உலர்த்தும். இத்தனை ஆண்டுகளாகத் தார்ப்பாயைச் சுவரோடு ஒட்ட இழுத்துக் கட்டியது, ஈரத்தைப் பொத்தி வைத்ததற்குச் சமம்.

வினைல் பலகை அந்தப் பக்கத்துக் கடைகளில் கிடைக்கவில்லை. கிடைத்தது மலிவான நெளிவுச் சிமெண்டு சீட்டு. லயத்தின் கூரையில் பாசி பிடித்துக் கிடக்கிறதே, அதே வகை. "அது வேண்டாம் அத்தை" என்றார் மருமகன் உடனே.

சிமெண்டோடு கல்நாரைக் கலந்து தகடாக்கும் முறைக்கு ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்செக் 1901இல் காப்புரிமை பெற்றார். கல்நார்த் தூசு நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான பின்னர், பல நாடுகள் அதன் இடத்தில் மரக்கூழ் இழையை வைத்தன. இன்றைய இழைச் சிமெண்டுப் பலகை அப்படிப் பிறந்தது. இந்தியாவில் கல்நார்ச் சீட்டுக்குப் பொதுவான தடை இல்லை. கனடாவின் கதை இன்னும் விசித்திரம். பல பத்தாண்டுகள் இந்தியா உள்ளிட்ட நாடுகளுக்குக் கல்நாரை ஏற்றுமதி செய்த அந்நாடு 2018இல்தான் அதைத் தடைசெய்தது. கியூபெக்கில் 'ஆஸ்பெஸ்டாஸ்' என்றே பெயர் கொண்டிருந்த சுரங்க நகரம் 2020இல் தன் பெயரை மாற்றிக்கொண்டது. அத்தையின் தலைக்குமேல் இருக்கும் இழை, மருமகன் பிழைக்கப் போன நாட்டிலிருந்தே வந்ததாகவும் இருக்கலாம்.

கடைசியில் கல்நார் கலக்காத தட்டைப் பலகை மூன்று, 8 அடிக்கு 4 அடி, ஒவ்வொன்றும் முப்பது கிலோவுக்குக் குறையாமல், விதுரையிலிருந்து ஜீப்பில் ஏறி வந்தன. பணம் மருமகனுடையது. கொத்தனார் ஆணியை எடுத்தபோது அத்தை தடுத்தார்.

"ஆணி வேண்டாம் கொத்தனாரே, திருகாணி போடுங்க. நாளைக்கு எறங்கச் சொன்னா கழத்தி எடுத்துட்டுப் போவணும்."

தொழிலாளிக்கு வீடு தருவது தோட்ட உரிமையாளரின் கடமை என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்திருந்தது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. அத்தை ஓய்வு பெற்று ஆண்டுகள் சில ஆகின்றன. பணிக்கொடை வந்து சேரவில்லை; வராததால் அவரும் இறங்கவில்லை. சுவர் அவருடையதன்று, அதன்மேல் ஏறும் பலகை மட்டும் அவருடையது. ஐம்பது ஆண்டுக் கணக்கில் யோசித்துப் பலகை அடிக்கும் மருமகனுக்கு இப்படியொரு நிபந்தனையை எந்த வீட்டுக்காரரும் விதித்ததில்லை. கொஞ்ச நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, எத்தனை திருகாணி, எங்கெங்கே என்று காகிதத்தில் வரைந்து படமாக அனுப்பினார்.

துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம் சுவரில் ஏறியது. நனைத்து நனைத்துப் பலகையை வெட்டினார்கள். அந்தத் தூசும் நல்லதன்று. வெட்டிய விளிம்புகளுக்கு இரண்டு முறை பூச்சு. தரையிலிருந்து அரை அடி உயர்த்தி, எலி நுழையாமல் கீழே வலை. மேற்பார்வையாளர் வந்து யாரைக் கேட்டுச் செய்கிறீர்கள் என்று கேட்டார். "கழத்திருவேன் சார்" என்று அத்தை திருப்புளியைக் காட்டினார். அவர் போய்விட்டார்.

அந்த ஜூனில் உட்சுவர் கறுப்பாகவே இருந்தது. ஊறிய கல் ஒரு மாதத்தில் காய்ந்துவிடாது. ஆகஸ்டில் பூஞ்சை புதிதாகப் படரவில்லை. செப்டம்பரில் அத்தை கட்டிலை அந்தச் சுவரோரமாக நகர்த்தினார்.

கூரையையும் மாற்றிவிடலாமா என்று மருமகன் கேட்டார். "கூரை கம்பெனியோடது. தொட்டா ஒடையும். ஒடைச்சா தூசி, நீதானே சொன்ன" என்றார் அத்தை. ஒழுகுமிடத்தில் அலுமினியப் பாத்திரம் வைத்திருக்கிறார்.