முந்துவது எம்முனை?

கல்கிசையில் வாடகை அறையொன்றில் தங்கிப் பயின்ற மாணவன் ஒருவன், கணினிக்குக் கணினி செய்தி அனுப்பும் செய்நிரல் ஒன்றை எழுதினான். இன்டெல் மடிக்கணினிகள் இரண்டுக்கிடையே அது பல வாரங்கள் குறைவின்றி இயங்கியது. பின்னர் பவர்பிசி செயலி கொண்ட பழைய மக்கின்டோஷ் கணினி ஒன்றுக்கு ‘அம்மா’ என்னும் சொல்லை அனுப்பினான். திரையில் தோன்றியவையோ சீன எழுத்து ஒன்றும் கொரிய எழுத்துகள் நான்குமாம்.

வழியில் ஒரு பைற்றேனும் தொலையவில்லை. வாசித்த வரிசையே பிழைத்தது. ஒருங்குறியில் ‘அ’ எழுத்தின் எண் 2949. அதனை இரு பைற்றுகளிற் பிரித்தால் 11, 133 என அமையும். அஃதாவது, பதினொரு 256உம் எஞ்சிய 133உம். சிறியதை முன்வைப்பது இன்டெலின் வழக்கு. பெரியதை முன்வைப்பது அப்பழைய கணினியின் வழக்கு. எனவே 133 முன்னாகி, எண் 34059 ஆயிற்று. அது சீன எழுத்தொன்றுக்கு உரியது.

இவ்விரு வழக்குகளுள் எதுவும் பேதைமையன்று. ‘இருநூற்று ஐம்பத்தாறு’ எனச் சொல்லுங்கால் நாம் பெரியதிலிருந்து தொடங்குகிறோம். கூட்டுங்காலோ ஒன்றின் இடத்திலிருந்து தொடங்குகிறோம்.

1980 ஏப்ரல் 1ஆந் திகதியிட்ட கட்டுரையொன்றில் டனி கோஹன் என்னும் அறிஞர் இப்பூசலை ஆராய்ந்தார். முட்டையை எம்முனையில் உடைப்பது என்று போரிட்டோரைப் பற்றி ஸ்விப்ட் 1726இல் எழுதிய கதையிலிருந்தே இரு கட்சியினருக்கும் பெயர் சூட்டினார். எவ்வொழுங்கு என்பதினும் ஓரொழுங்கில் உடன்படுதலே முதன்மையானது என்பது அவர் கருத்து. இணைய நெறிமுறைகளின் தலைப்புகளிற் பெரியது முந்துதலே பொது ஒழுங்காயிற்று. கணினி தன்னகத்தே தன் வழக்கைப் பேணலாம். வெளியே அனுப்புகையிற் பொது ஒழுங்குக்கும், பெறுகையில் மீண்டும் தன் ஒழுங்குக்கும் மாற்றிக்கொள்ளும். வீட்டில் ஒரு மொழியும் காலி வீதியில் வேறொரு மொழியும் பேசிப் பழகிய கல்கிசைத் தமிழருக்கு இது புதுமையன்று.

மாணவன் அவ்வாறே இருபுறமும் திருத்தினான். ‘அம்மா’ சிதையாது சென்று சேர்ந்தது. பிழை அன்று புதிதாகத் தோன்றியதன்று. ஒரே வழக்கினர் தம்முள் உரையாடியமட்டும் அது மறைந்திருந்தது. தன் வழக்கே உலக வழக்கென்று அவன் தன்னையறியாமலே கொண்டிருந்தான்.

இன்று பெரும்பாலான கணினிகள் சிறியதை முன்வைப்பவையே. ஆயினும் பொது வழியின் ஒழுங்கு மாறவில்லை. பெரும்பான்மையும் நாடோறும் தன் வரிசையை மாற்றியே அவ்வழியிற் செல்கின்றது. உடன்பாடு என்பதன் பொருள் அதுவே.