கல்லறைக்கு வழி சொன்ன நகைச்சுவையாளர்

நான் குருமடத்தில் பயின்ற நாள்களில் எங்களுக்குப் பிரெஞ்சு மொழி கற்பித்த முதிய தந்தை ஒருவர் இருந்தார். பிரான்சு நாட்டில் பிறந்து, இளமையிலேயே கப்பலேறிப் புதுவைக்கு வந்து, நம் பங்குகளில் உழைத்துத் தலை நரைத்தவர். வகுப்பில் சிரித்துப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. ஆயினும் ஒருவருடைய பெயரைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் சிரிப்பும் கண்ணில் நீரும் ஒருங்கே தோன்றும். பியேர் தாக் என்பது அப்பெயர்.

யார் இந்த பியேர் தாக்? அவர் அறிஞரல்லர், அரசியல் தலைவருமல்லர். மேடையிலும் வானொலியிலும் மக்களைச் சிரிக்க வைத்தவர். 1893-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் ஷாலோன் நகரில், அல்சாசுப் பகுதியிலிருந்து வந்த யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை இறைச்சிக் கடை நடத்தியவர். பெற்றோர் இட்ட பெயர் அந்திரே இசாக். 1914-இல் மூண்ட முதல் உலகப் போரில் நாட்டுக்காகப் போரிட்டு, கையில் காயத்துடன் திரும்பினார். அவருடைய அண்ணன் மர்சேல் திரும்பவே இல்லை. 1915-ஆம் ஆண்டு அக்டோபரில், இருபத்தெட்டாம் வயதில் போர்முனையில் மாண்டார்.

போருக்குப்பின் தாக் வயிற்றுப்பாட்டுக்காகப் பல வேலைகள் பார்த்தார். வாடகைக் கார்கூட ஓட்டினார். 1922 முதல் பாரிஸ் நகரின் சிறு அரங்குகளில் தாமே பாடல் கட்டிப் பாடவும், வேடிக்கையாகப் பேசவும் தொடங்கினார். முப்பதுகளில் வானொலி அவரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. 1938-ஆம் ஆண்டு மே மாதம் ‘மஜ்ஜை எலும்பு’ என்று பொருள்படும் பெயரில் வார இதழொன்றைத் தொடங்கினார். உலகில் எவருக்கும் பயன்படாத பொருள்களுக்கான விளம்பரங்களும், நடக்கவே நடக்காத நிகழ்ச்சிகளைப் பற்றிய செய்திகளும் நிறைந்த அந்த இதழைப் பெரியவரும் சிறியவரும் வாங்கிப் படித்தனர்.

1940-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜெர்மானியப் படை பாரிசுக்குள் நுழைந்தது. இதழ் நின்றது. விஷி அரசு இயற்றிய சட்டம் யூதருக்குப் பத்திரிகை, வானொலி, நாடகத் தொழில்களின் கதவை அடைத்தது. லண்டன் சென்று சுதந்திரப் பிரான்சுடன் சேர முற்பட்ட தாக், பிரனே மலையைக் கடந்து ஸ்பெயின் நாட்டுச் சிறையில் அகப்பட்டார். விடுதலையாகி மீண்டும் முயன்றார், மீண்டும் சிறை. இறுதியில் 1943-ஆம் ஆண்டு அக்டோபரில்தான் லண்டன் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பது.

அங்கே பி.பி.சி.யின் பிரெஞ்சு ஒலிபரப்பில் அவர் கையாண்ட ஆயுதம் பாட்டு. ஊரறிந்த மெட்டுகளை எடுத்து, எதிரியையும் அவனுக்குத் துணைபோனவர்களையும் எள்ளி நகையாடும் புதுச் சொற்களைப் பொருத்திப் பாடினார். மெட்டு பழையது, தெருவில் முணுமுணுப்பவரைக் காவலர் எப்படிப் பிடிப்பது? அஞ்சிக் கிடந்த மக்களுக்கு அந்தச் சிரிப்பு முதுகெலும்பைத் திருப்பித் தந்தது என்பார் எங்கள் தந்தை.

இவ்வளவும் சொன்னபின் ஒருநாள் அவர், எவரும் கேளாமலே, தம் கதையையும் சொன்னார்.

“அக்காலத்தில் எனக்கு வயது பத்தொன்பது. லண்டன் வானொலியைக் கேட்பது குற்றம். நானோ அதைக் கேட்க விரும்பவும் இல்லை. பிலிப் ஆன்ரியோ பேசுவதைத்தான் நாள்தோறும் கேட்டேன். அவர் நம்மவர், நல்ல கத்தோலிக்கர் என்று நம்பினேன்” என்றார்.

ஆன்ரியோ, கத்தோலிக்க இயக்க மேடைகளில் பேசிப் புகழ்பெற்றவர். 1944-ஆம் ஆண்டு ஜனவரியில் விஷி அரசின் பிரசாரத் துறைப் பொறுப்பை ஏற்றவர். நாள்தோறும் இருமுறை வானொலியில் பேசினார். குரல் இனிது, சொல் வன்மை பெரிது. அந்த நாவன்மையனைத்தும் ஜெர்மானியருக்கே ஊழியம் செய்தது.

மே மாதம் 10-ஆம் நாள் ஆன்ரியோ தம் பேச்சில் தாக்கைத் தாக்கினார். இசாக் குடும்பத்து யூதனொருவனுக்குப் பிரான்சு என்றால் என்ன, அவனுக்கும் இந்த மண்ணுக்கும் என்ன உறவு என்பதே அவர் கேள்வியின் சாரம். மறுநாள் தாக் பதில் சொன்னார். அன்று வேடிக்கையும் இல்லை, பாட்டும் இல்லை. தம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக அல்சாசு மண்ணில் வாழ்ந்ததைச் சொன்னார். பிறகு, பாரிஸ் நகரிலுள்ள மோம்பர்னாஸ் கல்லறைத் தோட்டத்திற்குப் போகுமாறு ஆன்ரியோவை அழைத்தார். எந்த வாயிலில் நுழைவது, எப்பக்கம் திரும்புவது, எத்தனையாவது வரிசையில் நிற்பது என்று ஒவ்வொன்றாக வழி சொன்னார். அங்கே கிடப்பவர் தம் அண்ணன் மர்சேல் என்றும், நாட்டுக்காக மாண்டவர் என்று அக்கல்லில் பொறித்திருக்கிறது என்றும் கூறினார். அந்த மண்ணுக்கும் தமக்குமுள்ள உறவு அதுவே என்றார். ஆன்ரியோவின் கல்லறையில் எழுதப்படப்போவது இட்லருக்காக மாண்டவர் என்பதே என்றும், பிரெஞ்சு மக்களின் குண்டுக்கே அவர் இரையாவார் என்றும் சொல்லி முடித்தார்.

அண்டை வீட்டார் அழைத்ததால் அன்றுதான் எங்கள் தந்தை முதன்முறையாக லண்டனைக் கேட்டாராம். “என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. சிலுவையில் தொங்கியவரும் அவருடைய தாயும் யூதர் என்பதை நான் ஞானோபதேசத்தில் படித்தவன். படித்தும், அந்தப் பழிச்சொல்லைக் கேட்டுத் தலையசைத்துக்கொண்டிருந்தேன்” என்றார்.

ஏழு வாரம் சென்று, ஜூன் 28-ஆம் நாள், எதிர்ப்புப் படையினர் ஆன்ரியோவைச் சுட்டுக் கொன்றனர். “தாக் சொன்ன கடைசி வார்த்தையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் சுவாமி?” என்று கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்தார். “எந்தச் சாவுக்கும் நான் மகிழவில்லை. அந்த வார்த்தையை அவர் சொல்லாதிருந்தால் நன்று. ஆனால் அவரைக் குறை சொல்லும் தகுதி தலையசைத்தவனுக்கு இல்லை” என்றார்.

ஆன்ரியோவின் அடக்கச் சடங்கு நோத்ர்தாம் பேராலயத்தில் அரசு மரியாதையுடன் நடந்தது; பாரிஸ் பேராயர் கர்தினால் சுய்யார் அதில் பங்கேற்றார். அதன் காரணமாக, ஆகஸ்டு 26-ஆம் நாள் தெகோல் அதே ஆலயத்தில் நன்றி செலுத்த வந்தபோது, கர்தினால் தம் சொந்தப் பேராலயத்திற்கு வரவிடாமல் தடுக்கப்பட்டார். நம் திருச்சபையின் வரலாற்றில் இதுவும் ஒரு பக்கம், மறைப்பதால் பயனில்லை. 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தூலூஸ் பேராயர் சலியேஜ், யூதரும் நம் சகோதரரே என்று தம் மறைமாவட்டக் கோவில்களில் வாசிக்கச் செய்தாரே, அதுவும் அதே நாட்டுத் திருச்சபையின் பக்கந்தான். யூதரைப் பகைப்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளிப்படையாகக் கண்டித்தது 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாளன்று.

போருக்குப்பின் தாக் மீண்டும் சிரிக்க வைக்கும் தொழிலுக்கே திரும்பினார். பிரான்சிஸ் பிளான்ஷ் என்னும் இளைய கலைஞருடன் சேர்ந்து ஆயிரத்திற்கும் மேற்பட்ட பகுதிகள் கொண்ட வானொலித் தொடரை எழுதினார். நம் தாகூரின் முதற்பெயரை இரவல் வாங்கி, ‘இரவீந்திரநாத் துவால்’ என்னும் போலிச் சோதிடராகத் தாக் நடித்த காட்சியைப் பிரெஞ்சு மக்கள் இன்றும் கேட்டுச் சிரிக்கின்றனர். 1965-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் வேடிக்கை வேட்பாளராகக் கிளம்பிப் பின்னர் விலகிக்கொண்டார். ஆயினும் ஊரைச் சிரிக்க வைத்த அவருடைய உள்ளத்தை ஒரு காலத்தில் கடுந்துயர் கவ்வியது. உயிரையே மாய்த்துக்கொள்ள முயலும் அளவுக்குப் போனது. அதினின்றும் மீண்டு வாழ்ந்து, 1975-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் பாரிசில் காலமானார்.

எங்கள் தந்தை கப்பலேறுவதற்கு முந்தைய வாரம், வானொலியில் கேட்ட அந்த வழியை நினைவிற்கொண்டு மோம்பர்னாசுக்கு நடந்து போனாராம். வரிசைகளை எண்ணி, மர்சேலின் பெயரைக் கண்டுபிடித்து, முழந்தாளிட்டாராம்.

“என்ன செபம் சொன்னீர்கள் சுவாமி?” என்றேன்.

“செபமா? மன்னிப்புக் கேட்டேன். போகிற நாட்டில் எவனையும் பார்த்து, உனக்கும் இந்த மண்ணுக்கும் என்ன உறவு என்று கேட்காதிருக்க வரம் கேட்டேன்” என்றார்.

அந்தத் தந்தை இறைவனடி சேர்ந்து பல ஆண்டுகள் ஆயின. அவர் கற்பித்த பிரெஞ்சு இலக்கணத்தை நான் பெரும்பாலும் மறந்துவிட்டேன். அந்த வரத்தை மட்டும் இன்றும் நானும் கேட்டு வருகிறேன்.