விரல் நகத்தளவில் ஓர் எச்சரிக்கை



நாம் அன்றாடம் கடந்து செல்லும் சாலைகளின் ஓரத்தில் எத்தனையோ பலகைகள் நிற்கின்றன. ‘வளைவு வருகிறது’ என்கிறது ஒன்று. ‘பள்ளிக்கூடம் இருக்கிறது, மெல்லச் செல்’ என்கிறது மற்றொன்று. இன்ன ஊருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று, தலையில் வண்ணம் பூசிக்கொண்டு நிற்கும் கல்லும் உண்டு. இவற்றின் முன்னே ஒரு நிமிடம் நின்று, அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, எழுத்து எப்படி என்று பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர் இருப்போம்? அவ்வாறு பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒரு விளையாட்டுப் பொருளின் காரணமாக வந்தது. விளையாட்டாகத் தொடங்கிய அந்த வேலை எனக்குக் கற்பித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாடி அறையில் ஒரு ரயில் பாதை

என் மூத்த சகோதரரை எங்கள் ஊர் வழக்கப்படி ‘காக்கா’ என்றே அழைக்கிறேன். இருபத்தாறு ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய அவர், மாடி அறையில் எட்டடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள பிளைவுட் பலகையின்மீது மாதிரி ரயில் பாதை ஒன்றை அமைக்கத் தொடங்கினார். பலரும் இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணக்கூடும். ஆனால் இதற்கென்று கண்டிப்பான அளவுகள் உண்டு. காக்கா எடுத்துக்கொண்டது ‘எச்.ஓ.’ எனப்படும் அளவு. உண்மையில் 87 மில்லிமீட்டர் இருப்பது இங்கே 1 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஐந்தரை அடி மனிதர் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைந்த உயரத்தில் நிற்பார். மீட்டர் கேஜ் தண்டவாளங்களின் இடைவெளி பதினொன்றரை மில்லிமீட்டர் ஆகும். சுவிட்சர்லாந்து நாட்டு மலை ரயில்களின் மாதிரிகளுக்கென விற்கப்படும் 12 மில்லிமீட்டர் பாதை அதற்கு மிக நெருக்கமானது. காக்கா அதைத்தான் சிறுகச் சிறுக வாங்கிச் சேர்த்திருந்தார்.

அவர் அமைக்க விரும்பியது வெளிநாட்டு மலைப்பாதையை அன்று. திருவாரூர் – பட்டுக்கோட்டைத் தடத்தில், 2019-இல் அகலப்பாதை திறக்கப்படுவதற்கு முன்பு இருந்த பழைய மீட்டர் கேஜ் பாதையில், எங்கள் வாப்பா பணிபுரிந்த ரயில்வே கேட்டையும் அதைச் சுற்றியிருந்த வயல்களையும் அவர் அமைக்க விரும்பினார். மர்ஹூம் வாப்பா அங்கே கேட் கீப்பர். சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் கைவிளக்கும்தான் எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டவை.

பாதை, பெட்டிகள், கேட் வீடு, பனைமரங்கள் ஆகிய அனைத்தையும் முடித்துவிட்ட காக்கா ஒருநாள் என்னை அழைத்து, “தம்பி, மற்றதெல்லாம் நான் செய்துவிட்டேன். எழுத்து மட்டும் எனக்கு வராது. போர்டுகள் எல்லாம் உன் பொறுப்பு” என்றார். நான் கல்லூரியில் வரலாறு படித்தவன். மதரஸாவில் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டக் கற்பிப்பவன். கரும்பலகையில் ஓரளவு திருத்தமாக எழுதுவேன் என்பது காக்காவின் நம்பிக்கை. ஐரோப்பிய, அமெரிக்கச் சாலைப் பலகைகளின் மாதிரிகள் விலைக்குக் கிடைக்கின்றன. தமிழெழுத்துப் பொறித்த கிலோமீட்டர் கல்லை எந்தக் கடையில் கேட்பது? நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

ஒரு மில்லிமீட்டர் எழுத்து

முதலில் நாடாவை எடுத்துக்கொண்டு சாலைக்குச் சென்றேன். நான் அளந்த கிலோமீட்டர் கல்லின் அகலம் 35 சென்டிமீட்டர். மாதிரியில் அது 4 மில்லிமீட்டர். கல்லில் ஊர்ப் பெயர் 10 சென்டிமீட்டர் உயரத்தில் எழுதப்பட்டிருந்தது. மாதிரியில் அது ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அந்த அளவில் தூரிகையால் எழுதுவது இயலாத காரியம். எனவே கணினியில் பெரிதாக அமைத்து, சுருக்கி, வழவழப்பான தாளில் அச்சிட்டுக்கொண்டேன். பின்புறத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சன்னமாக்கி, பழைய கல்யாணப் பத்திரிகையின் அட்டையில் ஒட்டி, கூரிய பிளேடால் வெட்டினேன். வெட்டிய விளிம்பில் அட்டையின் வெள்ளை தெரிந்தால் கண்ணை உறுத்தும். ஆகவே விளிம்புக்கும் வண்ணம் தீட்ட வேண்டும். கம்பங்களுக்கு ஜெம் கிளிப்புகளை நிமிர்த்திக்கொண்டேன். அவற்றின் தடிமன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அதை 87-ஆல் பெருக்கிப் பாருங்கள், உண்மையான இரும்புக் கம்பத்தின் பருமன் வந்துவிடும்.

எழுத்தைச் சிறிதாக்கும்போதுதான் எழுத்தின் அருமை விளங்குகிறது. ஒரு மில்லிமீட்டரில் மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு மறைந்துவிடுகிறது. புள்ளி மறைந்தால் ‘மண்’ ‘மண’ ஆகிவிடும். அரபியில் ஒரு சிறு பல்லின் மேலே புள்ளி இருந்தால் ‘நூன்’, அதே புள்ளி கீழே இறங்கினால் ‘பா’ என்று பிள்ளைகளுக்கு நாள்தோறும் சொல்லிக்கொடுப்பவன் நான். ஆகவே சுருக்குவதற்கு முன்பே புள்ளிகளைச் சற்றுப் பெரிதாக்கி, எழுத்திலிருந்து சற்று விலக்கி அமைத்துக்கொண்டேன். அதன்பின் பெயர் தெளிவாக நின்றது.

வண்ணமும் அப்படித்தான். கல்லின் தலை மஞ்சளாயிருந்தால் அது தேசிய நெடுஞ்சாலை, பச்சையாயிருந்தால் மாநில நெடுஞ்சாலை. மாநிலச் சாலை தேசியச் சாலையாக உயர்த்தப்படும்போது அதே கல்லின் பச்சை மஞ்சளாக மாறும். ஆகவே ஒரு கல்லின் தலையைப் பார்த்தே அந்தக் காட்சி எந்தக் காலத்தது என்று கணித்துவிடலாம். மஞ்சள் பூசிய நிலையப் பெயர்ப் பலகையிலும் பிறமொழிப் பெயர்களோடு கடல் மட்டத்திலிருந்து அந்த இடத்தின் உயரம் குறிக்கப்பட்டிருக்கும். ஓர் ஊரின் பெயரையும் தூரத்தையும் காலத்தையும் உயரத்தையும் நமக்குத் தெரிவிப்பவை இந்த எளிய பலகைகளே அல்லவா?

இன்ஜின் படம் போட்ட முக்கோணம்

வாப்பாவின் கேட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தள்ளி, ஆளில்லாத லெவல் கிராசிங் ஒன்று இருந்தது. அங்கே கேட்டும் இல்லை, கேட் கீப்பரும் இல்லை. சாலையோரத்தில் முக்கோணப் பலகை மட்டுமே உண்டு. வெள்ளைத் தளம், சிவப்பு விளிம்பு, நடுவில் கறுப்பு நிறத்தில் நீராவி இன்ஜின் படம். கேட் உள்ள இடத்துக்குக் கேட் படமும், கேட் இல்லாத இடத்துக்கு இன்ஜின் படமும் போடுவது விதி. ஒரு கிராசிங்கை நெருங்கும்போது இந்த எச்சரிக்கை இருமுறை வரும். 200 மீட்டர் தொலைவில் உள்ள பலகைக்கு அடியில் இரண்டு கோடுகள் இருக்கும். 50 முதல் 100 மீட்டருக்குள் உள்ள பலகைக்கு அடியில் ஒரே கோடு.

வாப்பா அடிக்கடி சொல்வார்: “கேட் இருக்கும் இடத்தில் என் கை காக்கும். கேட் இல்லாத இடத்தில் அந்தத் தகரம்தான் காக்க வேண்டும்.”

1996-ஆம் ஆண்டு ஒரு மாலை நேரம். காக்காவின் பள்ளித்தோழர், எங்கள் வீட்டுக்குப் பிள்ளைபோல் வந்துபோனவர், வேற்றூரில் வேலை செய்துவிட்டு விடுமுறையில் வந்திருந்தார். அந்தச் சாலை அவருக்குப் பழக்கமில்லாதது. மொபெட்டில் வந்தவர் கிராசிங்கில் ரயிலில் அடிபட்டு அந்த இடத்திலேயே உயிரிழந்தார். அவர் வந்த பக்கத்துப் பலகைகள் இரண்டின்மீதும் யாரோ சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். மறுநாள் வாப்பா வாளியில் தண்ணீரும் தேங்காய் நாரும் எடுத்துச் சென்று அந்தச் சுவரொட்டிகளைத் தேய்த்தெடுத்தார். அது அவருடைய கேட் அன்று, அவருடைய வேலையும் அன்று. ஆயினும் பணி ஓய்வு பெறும்வரை மாதம் ஒருமுறை அவர் அங்கே சென்று வந்தார்.

மாதிரியில் அந்தக் கிராசிங்கையும் அமைத்திருந்தார் காக்கா. 60 சென்டிமீட்டர் முக்கோணத்தை 7 மில்லிமீட்டருக்குச் சுருக்கி, அதற்குள் இன்ஜினின் சக்கரமும் புகைபோக்கியும் தெரியும்படி செய்து, நான்கு பலகைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவற்றை நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்தவர், “இரண்டின்மேல் போஸ்டர் ஒட்டிவிடு” என்றார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. “பிள்ளைகள் வந்து பார்க்கப்போகும் இடம், காக்கா. எச்சரிக்கையை மறைத்துக் காட்டலாமா?” என்றேன்.

“உள்ளதை உள்ளபடி காட்டினால்தானே அது மாதிரி? அன்றைக்கு அது மறைந்துதானே இருந்தது? சுத்தமான பலகையை வைத்தால், எல்லாம் ஒழுங்காக இருந்தும் அவன் கவனிக்காமல் வந்தான் என்றல்லவா ஆகும்?” என்றார் அவர்.

இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. இறந்தவர்மீது பழி விழக்கூடாது என்பது அவர் நியாயம். வாழப்போகும் பிள்ளைகள் பலகையைப் படிக்க வேண்டும் என்பது என் நியாயம். ஒரு வாரம் கழித்து இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். தோழர் வந்த பக்கத்தில் சுவரொட்டி இருக்கட்டும். எதிர்ப்பக்கத்தில் பலகைகள் தெளிவாக நிற்கட்டும்.

இன்னொன்றையும் காக்கா செய்தார். 200 மீட்டர் என்பது மாதிரியில் 2 மீட்டர் 30 சென்டிமீட்டர். சாலையோ நான்கடி அகலத்துக்குள் பாதையைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. ஒரு கோட்டுப் பலகைக்கே பிளைவுட்டின் விளிம்புவரை இடம் தேவைப்பட்டது. இத்தகைய இடங்களில் தூரத்தைச் சுருக்கிக்கொள்வதுதான் மாதிரி ரயில் அமைப்போரின் பொதுவழக்கம். காக்கா சுருக்கவில்லை. தெளிவான பக்கத்துச் சாலைக்காக ஒரு சாண் அகலப் பலகையை அறையின் வாசல்வரை நீட்டி, அதன் முனையில் இரண்டு கோட்டுப் பலகையை நட்டார்.

பிள்ளைகள் கேட்ட கேள்வி

வேலை முடிந்ததும் விடுமுறை நாளொன்றில் மதரஸாப் பிள்ளைகளை அழைத்துச் சென்றேன். வாசலில் நுழைந்ததும் அவர்கள் கண்ணில் பட்டது அந்தக் கடைசிப் பலகைதான். “இன்ஜின் படம் எதற்கு?” என்று கேட்டான் ஒரு சிறுவன். மற்றவர்களுக்கும் விடை தெரியவில்லை. அதில் வியப்பில்லை. நம் நாட்டு அகலப்பாதைகளில் ஆளில்லாத லெவல் கிராசிங்குகள் 2019 ஜனவரியோடு முற்றாக நீக்கப்பட்டுவிட்டன. அந்தப் பலகைக்கு அங்கே வேலை முடிந்துவிட்டது.

பொருளை விளக்கினேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த 200 மீட்டரைப் பன்னிரண்டு நொடியில் கடந்துவிடும் என்றேன். ஒருவன் வாயால் எண்ண, மற்றவர்கள் வாசலிலிருந்து கிராசிங்வரை நடந்து பார்த்தார்கள். ஆளில்லாத கிராசிங்கை அடையும் ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும்; வண்டியில் உதவியாளர் இருந்தால் அவர், இல்லையேல் ஓட்டுநரே இறங்கிச் சென்று இருபுறமும் ரயில் வரவில்லை என்று பார்த்த பிறகே கடக்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 131-ஆம் பிரிவில் கூறுவதையும் சொன்னேன்.

அப்போது ஒரு சிறுமி பாதையின் மறுபக்கத்தைச் சுட்டிக்காட்டி, “இந்தப் பலகையில் என்ன இருக்கிறது? ஒன்றும் தெரியவில்லையே” என்றாள்.

நான் காக்காவைப் பார்த்தேன். முப்பதாண்டுகளாகத் தம் தோழரைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தையும் பேசாதவர் அவர். “அதிலும் அதே படம்தான் இருந்தது, கண்ணு. மேலே காகிதத்தை ஒட்டி மறைத்துவிட்டார்கள்” என்று தொடங்கினார். நடந்ததை முழுவதும் சொன்னார். தோழரின் பெயரையும் சொன்னார். பிள்ளைகள் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கதை முடிந்ததும் அந்தச் சிறுமி, “இப்போது இதைப் பிய்த்துவிடலாமா?” என்று கேட்டாள். காக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “இருக்கட்டும்மா. உங்கள் தெருவில் இப்படி ஒன்று இருந்தால் அதைப் பிய்த்துவிடு” என்றார்.

அன்பர்களே! எச்சரிக்கைப் பலகை என்பது, நம்மை ஒருபோதும் காணாத ஒருவர் நம் உயிரை எண்ணி எழுதிவைத்த சொல். அது ஓர் அமானிதம். ஆளில்லாத கிராசிங்குகள் மறைந்திருக்கலாம். ஆனால் வளைவுகள் மறையவில்லை, பள்ளிக்கூடங்கள் மறையவில்லை, கேட் உள்ள கிராசிங்குகளும் மறையவில்லை. உங்கள் தெரு முனையில் நிற்கும் பலகையை இன்று ஒருமுறை நின்று பாருங்கள். வேப்பங்கிளை மறைத்திருந்தால் உரியவர்களிடம் சொல்லி வெட்டச் செய்யுங்கள். வெயிலில் முதலில் வெளுப்பது சிவப்பு. விளிம்பு வெளுத்திருந்தால் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ ஒரு மனு எழுதுங்கள். நம் வீட்டுத் திருமணமாயினும் நம் ஜமாஅத்தின் கூட்டமாயினும் அதன் சுவரொட்டி அந்தப் பலகையின்மீது ஏறாதிருக்கட்டும். வண்டியில் பின்னால் அமர்ந்து வரும் பிள்ளையிடம், “அந்தப் படத்துக்கு என்ன பொருள்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். விடை தெரியாவிட்டால் நின்று சொல்லிக்கொடுங்கள். அதற்குப் பன்னிரண்டு நொடிகூட ஆகாது.