மருந்தும் ரவையும்

நம் கதைகளில் துப்பாக்கி வெடிப்பது வெகு சுலபம். "டுமீல்!" என்று ஒரு சத்தம், வில்லன் சாய்ந்தான், அத்தியாயம் முடிந்தது. அந்தத் தோட்டாவை யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று எந்த வாசகரும் கடிதம் எழுதிக் கேட்டதில்லை. நானும் சில கதாபாத்திரங்களைச் சுட்டுத் தள்ளியவன்தான். எனக்கும் யாரும் எழுதவில்லை.

ஆனால், ஊறுகாய் போடுவது போல வீட்டில் உட்கார்ந்து தோட்டாவைத் தாங்களே தயார் செய்துகொள்ளும் மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்தில் என் தம்பி மகன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தபோது, அப்படிப்பட்ட ஒருவரைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கிழவர். தச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைதோறும் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். 'ஐயோ பாவம், பறவைகள்!' என்று நினைத்தேன். பறவைகளுக்கு அவரால் ஒரு தீங்கும் இல்லை. அவர் சுடுவது, இயந்திரம் வானத்தில் விசிறி எறியும் களிமண் நிறத் தட்டுகளை. 1900-ல் பாரிஸில் நடந்த பந்தயங்களில் உயிருள்ள புறாக்களையே பறக்கவிட்டுச் சுட்டார்கள். பிற்பாடு மனிதனுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்து, புறாவின் இடத்தில் தட்டு வந்தது. இந்த வித்தையில் பிகானீர் மகாராஜா கர்னி சிங் 1962-ல் கெய்ரோவில் உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் புதுக்கோட்டைப் பிருத்விராஜ் தொண்டைமான் தட்டுச் சுட்டார். ஆகவே இது நமக்கு முற்றிலும் அந்நியமான சங்கதி அல்ல.

என் தம்பி மகனுக்கும் இந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஒரு ஆட்டத்துக்கு 25 தட்டு, 25 தோட்டா. நாலு ஆட்டம் ஆடினால் நூறு தோட்டா காலி. "சுட்ட கூட்டை எறியாமல் மறுபடி மருந்து போட்டுக்கொள்ளலாம், பெரியப்பா. செலவு மிச்சம்" என்றான்.

அவன் மனைவி அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள்.

"நாலு வயதுக் குழந்தை இருக்கிற வீட்டுக்குள் வெடிமருந்து வந்தால், அன்றைக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் ஊருக்குப் போய்விடுவேன். மாமா, நீங்களே நியாயம் சொல்லுங்கள்."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. நாலு நாளாக இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்பது எனக்குத் தெரியும். "வேலை தெரிந்தவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சண்டை போடலாமே" என்றேன். குழந்தை பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் மூவரும் போனோம்.

கார் கொட்டகையின் ஒரு மூலையில் கிழவரின் பட்டறை. ஒரு பலகை, அதில் கைப்பிடி வைத்த ஓர் அழுத்து இயந்திரம், ஒரு சின்னத் தராசு. பலகையில் வேறு தூசி தும்பு கிடையாது. அவர் ஒரு தோட்டாவை நீளவாக்கில் அறுத்துக் காட்டினார். அடியில் பித்தளைத் தொப்பி. அதன் நடுவில் ஊசி அடித்தால் பொறி தட்டும் கேப்பு. அதன்மேல் மருந்து, மருந்தின் மேல் தக்கை, தக்கையின் கிண்ணத்தில் ஈய ரவை. வாய் பூவிதழ் போல மடிந்து மூடியிருந்தது. சுட்ட கூட்டில் பழைய கேப்பைத் தள்ளிவிட்டு, உப்பிய பித்தளையை அளவுக்குக் கொண்டுவந்து, புதுக் கேப்பு, மருந்து, தக்கை, ரவை என்று வரிசையாக ஏற்றி, வாயை மடிக்க வேண்டும். இவ்வளவுதான்.

"அளவு?" என்றான் பையன்.

"அளவு என் கையில் இல்லை, புத்தகத்தில் இருக்கிறது" என்றார் கிழவர். இன்ன கூடு, இன்ன கேப்பு, இன்ன மருந்து, இன்ன தக்கை என்று சோதித்து அச்சிட்டிருக்கிறார்கள். அதில் ஒன்றை மாற்றினாலும் குழலுக்குள் அழுத்தம் மாறிவிடும். மருந்துகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்; ஆகையால் பலகையின்மேல் ஒரே ஒரு டப்பாதான் இருக்கலாம். எடை 'கிரெயின்' கணக்கு, பவுண்டுக்கு 7,000. நம் ஊர்த் தட்டான் தராசில் போடும் குன்றிமணி ஒன்று சுமார் 2 கிரெயின். அப்படியானால் இது பொற்கொல்லர் வேலைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ரவைக்கும் ஒரு கதை உண்டு. பிரிஸ்டல் நகரத்தில் வில்லியம் வாட்ஸ் என்பவர் 1782-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். உருக்கிய ஈயத்தை உயரத்திலிருந்து சல்லடை வழியாகத் தண்ணீரில் விழவிட்டார். விழும் வழியிலேயே ஒவ்வொரு துளியும் உருண்டையாகிவிடுகிறது. மழைத்துளியின் தர்மம்தான்.

"ஈயம் விஷம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், பட்டறையில் சாப்பாடு கூடாது" என்று கிழவர் சொன்னபோது, மருமகள் முதன்முறையாகத் தலையசைத்தாள். பிறகு அவளே கேட்டாள்:

"இதில் மட்டும் ஏன் மஞ்சள் கூடு?"

கிழவருக்கு அவள்மேல் மதிப்பு வந்துவிட்டது. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டை பொருந்தும் குழல் 12 போர். 20 ஆக்கினால் 20 போர், அது சிறியது. 20 போர்த் தோட்டாவைத் தவறிப்போய் 12 போர்த் துப்பாக்கியில் போட்டால், அது வழுக்கிப் போய்க் குழலுக்குள் மாட்டிக்கொள்ளும். காலி என்று நினைத்து 12 போர்த் தோட்டாவைப் பின்னால் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துவிடும். அதனால்தான் 20 போருக்கு மஞ்சள் நிறம்.

"மருந்து குறைந்தால்?" என்றாள்.

"சத்தம் மந்தமாகக் கேட்கும். தக்கை குழலிலேயே தங்கிவிடலாம். பார்க்காமல் அடுத்ததைச் சுட்டால் அதே கதி."

அப்புறம் அவர், தம் கையால் செய்த மரப்பலகையைக் காட்டினார். 25 குழிகள். மருந்து போட்ட கூடுகளை அதில் நிறுத்தி, தக்கை வைக்குமுன் விளக்கடித்து ஒவ்வொன்றின் மட்டத்தையும் பார்க்க வேண்டும். நடுவில் டெலிபோன் மணி அடித்தாலோ யாராவது கூப்பிட்டாலோ, கையிலிருப்பதைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"விளக்கடித்துப் பார்ப்பது என் மனைவியின் வேலை. நாற்பது வருஷம் அவள்தான் பார்த்தாள். அவள் போனபின் ஒரு வருஷம் இந்தக் கைப்பிடியைத் தொடவில்லை. போட்டவனுக்குத் தன் பிழை தெரியாது. இப்போது நானே போட்டு, ஒரு காப்பி குடித்துவிட்டு வந்து, வேறு மனிதனைப் போலப் பார்க்கிறேன்."

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பணம் உண்மையிலேயே மிச்சமாகுமா என்று பேச்சை மாற்றினேன். "மிச்சமாயிற்று. மிச்சமான பணத்துக்கும் சேர்த்துச் சுட்டேன்" என்று சிரித்தார்.

இதைப் படித்துவிட்டு நம் ஊரில் யாரும் பட்டறை போட வேண்டாம். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது இங்கே குற்றம்.

அன்றிரவு மருமகள் தீர்ப்பு வழங்கினாள். மருந்தும் கேப்பும் அவள் வீட்டு வாசல்படி ஏறக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிழவரின் கொட்டகையில், அவர் பூட்டின் கீழ்தான் எல்லாம். துப்பாக்கிப் பெட்டியின் சாவி அவளிடம். பையன் எல்லாவற்றுக்கும் சரி என்றான்.

முதல் ஞாயிறு 25 கூடுகளுக்கு மருந்து போட இரண்டு மணி நேரம் ஆயிற்று. கிழவர் விளக்கைப் பையனிடம் கொடுக்கவில்லை, அவளிடம் நீட்டினார். அவள் வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள். பதினேழாவதில் நின்றாள். பக்கத்துக் கூட்டைப் பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள்.

"இதில் குறைவாக இருக்கிறது."

கிழவர் எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அந்தக் கூட்டை எடுத்து, மருந்தை டப்பாவில் திரும்பக் கொட்டினார். பையன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நிமிரவில்லை, விளக்கைப் பதினெட்டாவதின்மேல் பிடித்திருந்தாள்.