கல்லறைப் படிகளில்

எலும்பு முறிந்தோர் தொலைவிடங்களிலிருந்தும் கட்டுப் போட்டுக்கொள்ள நாடிவரும் புத்தூரில் குடியேறி வாழ்கின்றவர்கள் நாம். ஒரு படி தவறினால் எத்தனை திங்கள் படுக்கையில் கழியும் என்பதை நம் தெருக்களிலேயே காண்கின்றோம். எனினும், சென்னைச் சாந்தோம் பேராலயத்திற்குச் சென்ற அன்று நாங்கள் அதனை மறந்துவிட்டோம்.

புனித தோமையார் கி.பி. 72இல் மயிலையில் உயிர்நீத்தார் என்பது மரபு. அவருடைய கல்லறை என்று போற்றப்படும் இடத்தில், பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் ஆலயம் எழுப்பினர். இன்று நாம் காணும் வெண்ணிறக் கட்டடம் 1896இல் நிறைவுற்றது. அவருடைய எலும்புகள் பின்னாளில் எடெசா நகருக்கும், 1258இல் இத்தாலியின் ஓர்தோனாவுக்கும் கொண்டுசெல்லப்பட்டன என்பர். ஆயினும், நிலத்தடியிலுள்ள கல்லறைச் சிற்றாலயத்தை மக்கள் நாடி வருதல் குறையவில்லை. மேலே நிகழும் வழிபாட்டிற்கு இடையூறு நேராவண்ணம், கல்லறைக்கு ஆலயத்தின் பின்புறம் தனிவழி உண்டு.

காலணிகளைக் கழற்றிவிட்டுப் படியிறங்கினோம். வெயிலில் நடந்துவந்த கண்களுக்கு உள்ளே யாவும் மங்கலாகத் தோன்றின. இளைய மகன் கைப்பேசியில் படம் பிடித்தவாறே முன்னே ஓடினான். அவனைத் தடுக்க விரைந்த நாங்கள், பின்னால் வந்த எம் அன்னையாரை மறந்தோம். எழுபதைக் கடந்த அவருக்குக் கால் இடறியது. நல்வேளையாக, அருகில் நின்ற அம்மையார் ஒருவர் அவரைத் தாங்கிக்கொண்டார்.

அந்த அம்மையாரின் கண்கள் கலங்கியிருந்தன. மறைந்த தம் மகனுக்காக வேண்டிக்கொள்ள வந்தவராம். தம் துயரை ஒருபுறம் வைத்துவிட்டு எங்கள் பிழைக்குக் கைகொடுத்தார். நாங்கள் சொல்லாமலே மகன் கைப்பேசியைப் பைக்குள் இட்டான். கல்லறைமுன் சிறிது நேரம் அமைதியாக நின்றோம்.

அன்பர்களே, நம்மில் பலர் அத்தலத்திற்குச் செல்லக்கூடும். எச்சமயத்தவராயினும், கோயிற் கருவறைமுன் நிற்கும் அடக்கத்தோடு அங்கே நிற்றல் வேண்டும். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே எடுத்துரைத்து அழைத்துச் செல்க. முதற்படியில் சற்றே நின்று, கண் பழகியபின் இறங்குக. முதியோரின் கையை விடாதீர். வேண்டுதலில் இருப்போரைப் படம் பிடியாதீர். கூட்டம் மிகுந்தாலோ மூச்சு முட்டினாலோ மேலேறிவிடுக. பிறிதொரு வேளை வரலாம். விரைவோர்க்கே அடி சறுக்குகிறது. பிறர் வழிபாட்டைக் குலைப்பவரும் அவரே.

திரும்புகையில் அன்னையார் முன்னே ஏறினார். அவர் அடியெடுத்து வைத்த அளவுக்கே நாங்களும் பின்னே ஏறினோம்.