பால்மரம் எந்தப் பாடத்தில் வரும்?

இணையத்தில் காசில்லாமல் படிக்கக் கிடைப்பதை ஒரு ஆயுள் முழுக்க உட்கார்ந்து படித்தாலும் தீராது. 2001இல் அமெரிக்காவின் எம்ஐடி தன் பாடங்களை எல்லோருக்கும் திறந்துவிடப் போவதாக அறிவித்தது. 2003இல் ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்பிடெல்லைத் தொடங்கின. சல்மான் கான் என்பவர் தூரத்திலிருந்த உறவுக்காரப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போய், அது கான் அகாடமியாக வளர்ந்தது. 2014இல் மலேசியப் பொதுப் பல்கலைக்கழகங்களும் இன உறவுகள், தொழில்முனைவு போன்ற பாடங்களை இணையத்துக்குக் கொண்டுவந்தன. ஜொகூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் எனக்கு, இரவு பத்து மணிக்கு மேல் இவைதான் கல்லூரி.

உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் லீனியர் அல்ஜீப்ராவைச் சூத்திரங்களாக மனப்பாடம் செய்துதான் தேறினேன். வேலைக்கு வந்தபிறகு எம்ஐடியின் கில்பர்ட் ஸ்ட்ராங் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி எழுதி விளக்குவதைப் பார்த்தபோதுதான், ஒரு மேட்ரிக்ஸ் என்ன வேலை செய்கிறது என்று பிடிபட்டது. அங்கிருந்து பொருளாதாரம், நிலவியல், தாவரவியல் என்று கால்போன போக்கில் போனேன். கூட வேலை செய்யும் நண்பன் கேட்டான்: "இவ்ளோ படிக்கிறியே, சர்ட்டிபிகேட் எங்கலா?" காசு கட்டினால் சில தளங்களில் அதுவும் கிடைக்கும் என்றேன். "அப்ப சும்மா படிச்சு என்ன பண்றது?" என்றான். நியாயமான கேள்விதான். பதில் ஒரு மரத்திலிருந்து வந்தது.

அதற்கு முன் மொழியைப் பற்றிச் சொல்லவேண்டும். அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் என்ற கொள்கை 2003இல் வந்தது. நான் தமிழ்ப்பள்ளியில் சேர்ந்தது அதற்கு அடுத்த வருடம். புத்தகம் ஆங்கிலம், ஆசிரியரின் விளக்கம் தமிழ். இடைநிலைப்பள்ளிக்குப் போனால் சுற்றிலும் மலாய். பல்கலைக்கழகத்தில் மறுபடியும் ஆங்கிலம். என் வயதுக்காரர்கள் பலருக்கும் இதுதான் கதை. இன்றைக்கும் காணொளியில் பாடம் ஆங்கிலத்தில் ஓடும். மண்டைக்குள் அது தமிழில்தான் புரியும்.

ஒருநாள் கான் அகாடமியில் தாவரச் செல் பற்றிய பாடம். செல்லுக்குள் இருக்கும் நீர் அதன் சுவரை உள்ளிருந்து தள்ளுகிறது. அந்த அழுத்தத்துக்கு டர்கர் என்று பெயர். கேட்டதும் பாட்டி ஞாபகம் வந்தது. பாட்டி குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பேர் கொடுத்துவிட்டு, இருட்டிலேயே மரத்துக்குப் போய்விடுவார்களாம். ஏன் அவ்வளவு சீக்கிரம் என்று ஒருமுறை கேட்டதற்கு, "வெயில் ஏறிட்டா மரம் பால இழுத்துக்கும்டா" என்றார். அதுதான் டர்கர். வெயில் ஏறினால் இலைகள் நீரை வெளியே விடும், பட்டைக்குள் அழுத்தம் குறையும், பால் மெதுவாகிவிடும். இரவெல்லாம் நீர் நிரம்பிய மரம் விடியற்காலையில்தான் நன்றாகத் தள்ளும்.

வெட்டுக்கோடு ஏன் இடப்பக்கம் மேலேயும் வலப்பக்கம் கீழேயும் சரிகிறது என்பதற்கும் தாவரவியலில் விடை இருந்தது. பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக நிற்காமல் சற்றுச் சாய்ந்து ஏறுகின்றன. அந்தச் சாய்வுக்கு எதிராக வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும், அதிகப் பால் வரும். இதைச் சொன்னபோது பாட்டி சிரித்தார். "இதுக்கா அமெரிக்கா வரைக்கும் போனே?"

ரப்பரைப் பற்றி மேலும் தேடினேன். 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 நாற்றுகள், அங்கே தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்க 1890களில் அவர் கண்ட முறை எல்லாம் ஆங்கிலத்தில் விலாவாரியாகக் கிடைத்தன. அந்த முறையை நாள்தோறும் பல நூறு மரங்களில் செய்துகாட்டிய கைகளைப் பற்றி, மங்கு, கோட்டுப்பால், பெரட்டு என்று அந்தக் கைகளுக்குரியவர்கள் பேசிய சொற்களிலேயே ஒரு பாடம் கிடைக்குமா என்று பார்த்தேன். நான் தேடியவரையில் இல்லை. நம் நாவல்களிலும் சிறுகதைகளிலும் இந்தச் சொற்கள் நிறைய உண்டு. அவற்றில் எத்தனை புத்தகங்களை இணையத்தில் திறந்து படிக்கமுடிகிறது?

இலவசம் என்பது யாரோ ஒருவர் கூலியில்லாமல் பார்த்த வேலை. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் இருந்தவர்கள் பழைய நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் சுமார் 97,000 நூல்களை எரியக் கொடுத்த ஈழத்தமிழர்கள், 2005இல் நூலகம் தளத்தைத் தொடங்கி, புத்தகங்களோடு துண்டறிக்கைகள், பள்ளி மலர்கள் வரை வருடி வைக்கிறார்கள். கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர் தன் பொன்விழா ஆண்டான 2015இல் தன் தமிழிலக்கிய நூல்களை மின்வடிவில் கொண்டுவந்தது. ஜொகூர் பாருவிலிருந்து அங்கே போக ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான்.

நம் பக்கம் தோட்டங்கள் செம்பனையாகின்றன, வீடமைப்புத் திட்டங்களாகின்றன. லயம் காலியாகும்போது கோயில் கும்பாபிஷேக மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், தொழிற்சங்கச் சுற்றறிக்கை எல்லாம் பழைய பேப்பரோடு போய்விடுகின்றன. ஒவ்வொன்றும் நாற்பது ஐம்பது பக்கம்தான். கைபேசியில் படமெடுத்து இண்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்ற ஒரு மாலை போதும். சொற்களுக்குத் தமிழ் விக்சனரி இருக்கிறது. அங்கே எழுத யாரும் சர்ட்டிபிகேட் கேட்பதில்லை.

பாட்டிக்கு இப்போது 83 வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பேசுவதைப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். இதுவரை ஆறு மணிநேரம் சேர்ந்திருக்கிறது. உளியைத் தீட்டும் விதத்தையே ஒரு முழு மதியம் சொன்னார். மழைநாளில் வேலை நின்றால் கூலி என்ன ஆகும் என்ற பகுதி இன்னும் பாக்கி. அடுத்த வாரம் எனக்கு இரவு ஷிப்டு. முடிந்ததும் தூங்காமல் நேரே குளுவாங் போகலாம் என்று இருக்கிறேன்.