அம்பின் முனை

ராசிபுரம் அருகே ஒரு நிகாஹ் விருந்து. காட்டுப்பன்றி விரட்ட உரிமம் பெற்ற துப்பாக்கியுடன் தோட்டத்திலிருந்து நேரே வந்த உறவினர் ஒருவர், அதைச் சுவரில் சாய்த்துவிட்டு உண்ண அமர்ந்தார். என் மதரஸா மாணவன் ஒருவன் அதை எடுத்து, விளையாட்டாகத் தன் தம்பியை நோக்கி நீட்டினான். ஓடிச் சென்று குழலைத் தரை நோக்கித் தாழ்த்தி வாங்கினேன். உள்ளே தோட்டா இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், விபரீதம் நிகழவில்லை.

“லைசென்ஸ் இருக்கிறதே, ஹஜ்ரத்” என்றார் உறவினர். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமத்தின் நிபந்தனையை மீறுவதும் குற்றமே. கொண்டாட்டங்களில் பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி சுடுவோருக்கு 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என 2019 திருத்தம் கூறுகிறது. தோட்டாவை நீக்கி, தனியே பூட்டி வைப்பது உரிமையாளரின் பொறுப்பு. அது ஓர் அமானிதம்.

பள்ளிவாசலிலும் கடைவீதியிலும் அம்புடன் செல்பவர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும், உடன்பிறந்தவனை நோக்கியும் ஆயுதத்தை நீட்டலாகாது என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அந்த ஹதீஸ்களை அம்மாணவன் பிழையின்றி ஒப்பித்திருந்தான். நான்தான் அம்பு, வாள் என்றே பாடம் நடத்தி, துப்பாக்கியைச் சொல்லாமல் விட்டிருந்தேன். மறுநாள் அப்பாடத்தை மீண்டும் தொடங்கினேன்.